அத்தித்தோப்பு அணிலுக்கு ஒரு வடம்

ராஜபாளையம்
4-2-2025

வனக்காப்பாளர் பொன்மணி அவர்களுக்கு,

மதினி என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் இந்தக் கடிதத்தை அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன். ராஜபாளையத்துக்கும் அத்தித்தோப்புக்கும் தினமும் பஸ் ஓட்டுகிறவர், உங்கள் புருஷன், தபால்காரராகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு முன்னால் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். கார்த்திகை மழையில் அத்தித்தோப்பு ரோட்டின் மேல் கிளை பரப்பி நின்ற புளியமரம் விழுந்தது. மேற்கே காட்டோரம் கூடு, கிழக்கே ஆண்டிச்சாமி தோப்பில் தீனி, நடுவில் மரம் இல்லாமல் மலையணில்கள் தரையில் இறங்கி ஓடுகின்றன, நாய் கடிக்கிறது, வண்டி ஏறுகிறது, ஏதாவது செய்யணும் மாரி என்று என் கடைக்கு வந்து அழாத குறையாகச் சொன்னது நீங்கள். ஊரே சேர்ந்து ஒரு கயிற்றுப் பாலம் பின்னினால் ஊரே அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொன்னதற்குத் தலையாட்டியதும் நீங்கள்.

பின்னினோம். பேண்டேஜ் துணித் தறிகளில் கழிக்கிற ஓரத்துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தேன். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று சாயம் முக்கி, பெண்கள் எல்லாரும் ஒரு மாதம் உட்கார்ந்து பின்னினார்கள். வீட்டுக்கு ஒரு வெண்கல மணி வாங்கி அவரவர் வேண்டுதலைச் சொல்லிக் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு ரேடியோ செட்டு, மேளம், வெடி. ஊர் அம்புட்டு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது நீங்கள் யூனிபார்மில் வந்தீர்கள். ஏணியில் ஏறி, ஒவ்வொரு மணியாக அரிவாளால் அறுத்துச் சாக்கில் போட்டீர்கள். மைக்கை வாங்கி, "இது அணிலுக்கா, அம்மன் கோயில் கொடைக்கா?" என்று கேட்டீர்கள். முதல் மணியைக் கட்டிய வெள்ளைத்தாய் அக்கா முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

போர்டு எழுதிப் பிழைக்கிறவள்தான் நான். ஆனாலும் எனக்கும் மானம் இருக்கிறது.

மாரீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
7-2-2025

அன்புள்ள மாரி,

நீ அவர்களுக்கு இவர்களுக்கு என்று எழுதினாலும் நான் மாரி என்றுதான் எழுதுவேன். உன் அண்ணன் கடிதத்தை நீட்டிக்கொண்டே, "ஸ்டாம்பு ஒட்டல. அபராதமா ஒரு டீ போடு," என்றார். படித்து முடிக்கிற வரைக்கும் அந்த ஆள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பக்கம் பேசுவதா, பெண்டாட்டி பக்கம் பேசுவதா என்று தெரியாமல் கடைசியில் தினத்தாளை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

கோபம் உனக்கு மட்டுமா? எனக்கும்தான். காது கிழிந்த பெண் அணில் ஒன்று உண்டே, நீ அதை வரைந்து வரைந்து பார்ப்பாயே, அது அந்த வெடிச்சத்தத்துக்குப் பிறகு கூட்டுப் பக்கமே வரவில்லை. நீங்கள் ஆயிரம் வாலாவைக் கொளுத்தியது அதன் கூட்டுக்கு நேர் கீழே. காற்றடிக்கும்போதெல்லாம் கலகலவென்று மணி அடித்தால் எந்த அணில் அதில் கால் வைக்கும்? சாய வாடை எனக்கே மூக்கில் ஏறியது. அழகாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் நடக்கப் போவது நாம் இல்லையே.

உன் பின்னலைக் கழற்றிவிட்டு இலாகாவின் வெள்ளை நைலான் கயிற்றைக் கட்டிவிட்டோம். அடிமரத்தோடு சேர்த்து நன்றாக இறுக்கியாயிற்று. ஆண்டிச்சாமி அண்ணாச்சி, "மொத மாங்கா பறிக்கிற அன்னைக்கு என் மரத்துல இருந்து அவுத்துப் போடுவேன். அதுவரைக்கும்தான் கெடு," என்று சொல்லியிருக்கிறார். இந்த வருடம் பூ முந்திவிட்டது. பங்குனிப் பாதியிலேயே பறிப்பு வந்துவிடும்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பிளவக்கல் முகாமில் வேலை. கோடை முடிகிற வரை காட்டுத்தீ பார்க்க வேண்டும். அங்கே டவர் கிடையாது. நீ என்னை பிளாக் செய்வது வீண் வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பொன்மணி


ராஜபாளையம்
13-2-2025

மதினிக்கு,

உங்கள் நைலான் கயிறு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அண்ணன் தானாக வந்து சொன்னார். அத்தித்தோப்பில் இப்போது யாரும் அந்தப் பக்கம் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லையாம். பாலம் பின்னின மாதம் முழுக்க அவரவர் நாயைக் கட்டி வைத்திருந்தார்கள். இப்போது வெள்ளைத்தாய் அக்கா தன் மைனரை, அதான் அந்த வெள்ளை ராஜபாளையம் நாயை, பட்டப்பகலில் திறந்துவிடுகிறாள். ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, "ஒன் பொண்டாட்டி என் மணிய அறுத்தா. நான் என் நாய அவுத்துட்டேன்," என்றாளாம்.

நான் செட்டியார்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அணிலும் வேண்டாம் ஆனையும் வேண்டாம்.

காது கிழிந்தவள் திரும்பி வந்தாளா? எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. அண்ணனிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

மாரீஸ்வரி


பிளவக்கல்
27-2-2025

மாரி,

வந்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீ நிதானமாகப் படிக்க மாட்டாய்.

போன வாரம் ஒரு நாள் லீவில் இறங்கினேன். வீட்டுக்குப் போகாமல் நேரே அத்தித்தோப்புக்குப் போனேன். காது கிழிந்தவள் மேற்கு மரத்து உச்சியில் இருந்தாள். கூடவே இளசு ஒன்று. இரண்டும் கிளை நுனி வரை வந்து கிழக்கே எட்டி எட்டிப் பார்த்தன. நைலான் கயிறு இருக்கிற இடத்துக்கே வரவில்லை. கடைசியில் இளசு மரத்தை விட்டு இறங்கி ரோட்டில் ஓடியது. நான் கத்தினேன். மைனர் என்னைவிட வேகம். வெள்ளைத்தாய் அக்கா ஓடிவந்து நாயின் வாயைப் பிடித்துப் பிளந்தாள். ஆனால் அதற்குள் முடிந்துவிட்டது மாரி. அவள் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முகாமுக்குத் திரும்பி வந்ததிலிருந்து ஒரே யோசனை. நீ பின்னச் சொன்ன ஒரு மாதத்தில் ஒரு அணில்கூட அந்த ரோட்டில் சாகவில்லை. நாய்கள் கட்டிக்கிடந்தன, டிராக்டர்காரன் மெதுவாகப் போனான், பெண்கள் வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே மரத்தைப் பார்த்தார்கள். அதைக் காவல் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நான் மணியை அறுத்த அன்று அந்தக் காவலும் கலைந்துவிட்டது.

கயிறு கட்ட எனக்குத் தெரியும். ஊரைக் கூட்ட எனக்கு வராது. நீ ஒரு தடவை அங்கே போ. எனக்காக வேண்டாம், காது கிழிந்தவளுக்காகப் போ. ஆண்டிச்சாமி தோப்பில் காய் திரண்டுவிட்டது. நாள் அதிகம் இல்லை.

பொன்மணி


ராஜபாளையம்
3-3-2025

அன்புள்ள மதினி,

மதினி! மதினி! நான் கண்டுபிடித்துவிட்டேன்!

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் மார்கழியில் அத்தித்தோப்பில் உட்கார்ந்து நான் வரைந்த படங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். காது கிழிந்தவள் தின்பது, தூங்குவது, வால் தொங்கப் படுத்திருப்பது, தாவுவது. கடை முழுக்க அணில். அப்போதுதான் பார்த்தேன். ஒரு படத்தில்கூட அடிமரம் இல்லை! எல்லாவற்றிலும் அவள் உச்சிக் கிளையில், அதுவும் நுனியில்தான் இருக்கிறாள். கண்ணால் கண்டதைத்தானே வரைந்தேன்? தாவுகிறவள் அடிமரத்துக்கு எதற்கு வருவாள்? நீங்கள் இலாகாக் கயிற்றை அடிமரத்தில் கட்டி வைத்திருக்கிறீர்கள். நான் மட்டும் என்ன, வண்ணப் பின்னலை அதே இடத்தில்தான் கட்டச் சொன்னேன், மைக் செட்டுக்காரன் ஏணி அதுவரைதான் எட்டியது. நீங்கள் சத்தத்தைப் பார்த்தீர்கள், நான் அழகைப் பார்த்தேன், அவள் போகிற வழியை நாம் இரண்டு பேரும் பார்க்கவில்லை!

கயிறு உச்சியில் நுனிக்கிளைக்கு நுனிக்கிளை போக வேண்டும். சாயம் கிடையாது, மணி கிடையாது, நைலானும் கிடையாது. வெறும் தேங்காய் நார். மொட்டைக் கயிறு என்று எழுதும்போதே என் கண் பெயிண்ட் டப்பா பக்கம் போகிறது, என்னைப் போன்றவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஆனால் ஊருக்குச் செய்ய ஏதாவது வேண்டும் மதினி. செய்யக் கை இருந்தால்தான் பார்க்கக் கண் வரும். அதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பாலத்தில் வண்ணம் வேண்டாம், தரையில் போடுவோம். ரோட்டில்! ரேஞ்சரிடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்று. அறுத்த மணிகள் எங்கே?

மாரி


பிளவக்கல்
8-3-2025

அன்புள்ள மாரி,

வத்திராயிருப்பு பஸ் கண்டக்டர் மூலமாக உன் கடிதம் வந்தது. முகாமில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அடிமரம் என்கிற இடம் வந்ததும் வாட்சர் அழகுராஜா தன் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். "நாம தெனமும் பாக்குறோம். நமக்கு ஏன் தோணல?" என்று பொழுது சாயும்வரை புலம்பினார். எனக்கும் அதே புலம்பல்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ரேஞ்சருக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியாயிற்று. சரி என்றார். தலைவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். கயிறு கட்டும்போது இரண்டு முனையிலும் அந்தந்த மரத்துப் பச்சைக் கிளையைச் சேர்த்துக் கட்டச் சொல். கிளைதான் நீண்டிருக்கிறது என்று அவள் நினைக்கட்டும். கட்டி முடித்ததும் எல்லாரும் தள்ளிப் போய்விட வேண்டும். வெடி கொளுத்தினால் மலையிலிருந்து இறங்கி வந்து உதைப்பேன்.

கயிறு கனமாக இருக்க வேண்டும். கிணற்றுக் கயிறு போதாது, காற்றில் சுழலும். அந்தத் தடிமனுக்கு எங்கே போவாய் என்றுதான் கவலையாக இருக்கிறது.

மணிகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சாக்கில் இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. எதற்குக் கேட்கிறாய்? மறுபடியும் மரத்தில் கட்டுவதாக இருந்தால் தர மாட்டேன்.

உன் மதினி


ராஜபாளையம்
18-3-2025

அன்புள்ள மதினி,

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை, கையெல்லாம் பெயிண்ட்.

முதலில் வெள்ளைத்தாய் அக்கா வீட்டுக்குப் போனேன். மைனர் கட்டிக்கிடந்தான். அன்றையிலிருந்து அவள் அவனை அவிழ்க்கவே இல்லை. "வா, உள்ள வா," என்று மட்டும் சொன்னாள். மரத்தில் கட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்து அண்ணனிடம் வாங்கிய மணிச் சாக்கை அவள் முன்னால் வைத்து, இவற்றை எல்லாம் நாய்களின் கழுத்தில் கட்டினால் என்ன என்று கேட்டேன். நாய் வருவது அணிலுக்கு முன்கூட்டியே கேட்கும் இல்லையா? வேண்டுதல் மணியை நாய்க்குக் கட்டுவதா என்று பக்கத்து வீட்டு அய்யம்மாள் சண்டைக்கு வந்தாள். வெள்ளைத்தாய் அக்கா எழுந்து, "நாயி பைரவரோட வாகனம்லா? அவிய கழுத்துல கெடந்தா சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டுவிட்டு, தன் மணியைத் தேடி எடுத்து மைனர் கழுத்தில் முதலில் கட்டினாள். பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லா நாய்க்கும் மணி ஏறிவிட்டது. இப்போது அத்தித்தோப்பில் நாய் ஓடினால் ஜட்கா வண்டி போகிற சத்தம் கேட்கிறது.

அடுத்தது ரோடு. ஒரு பெரிய அணில் வரைந்தேன். தலை புளியமரம் விழுந்த இடத்தில், வால் அம்மன் கோயில் வாசல் வரை. ஆமாம், தெரு முழுக்க வால்தான்! அவரவர் வாசலுக்கு நேரே இருக்கிற வாலை அவரவர் வரைய வேண்டும். ஒரு வீட்டில் இழைக் கோலமாக ஓடும் வால், அடுத்த வீட்டில் மாவிலையாக மாறுகிறது, அதற்கடுத்த வீட்டில் சிவபாண்டி தன் தென்னை ஏறும் வடக்கயிற்றைப் போல வரைந்து வைத்திருக்கிறான். வேகமாக வந்த ஒரு டிராக்டரை அய்யம்மாள் மறித்து, "எங்க வீட்டு வாலு மேல ஏத்திப் பாரு, தெரியும்!" என்றாள். அண்ணன் பஸ்ஸைக்கூட விடவில்லை. உங்கள் புருஷன் இப்போது அந்தத் தெருவில் மாட்டு வண்டி வேகத்தில்தான் வருகிறார்.

கயிறுதான் கிடைக்கவே இல்லை. வால் வரைந்த அன்று அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் நின்ற ஆண்டிச்சாமி அண்ணாச்சி காதில் விழுந்திருக்கிறது. கோயில் சாவி அவரிடம்தானே இருக்கிறது. கொஞ்ச நேரம் வாலையே பார்த்துக்கொண்டு நின்றவர், கதவைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு முனையை இழுத்துக்கொண்டு வந்தார். சப்பரம் இழுக்கிற பழைய வடம்! இந்தப் பங்குனிப் பொங்கலுக்குப் புதுசு வாங்கியாயிற்றாம். "ஊரே இழுத்த வடம். இதுவும் ஊர் வேலைதான்," என்றார். ஆனால் உடனேயே விறைப்பாக, "மொத மாங்கா வரைக்கும்தான். கெடு கெடுதான்," என்றும் சொன்னார்.

சிவபாண்டி உச்சிக்கு ஏறிக் கட்டியிருக்கிறான். பச்சைக் கிளையும் கட்டியாயிற்று. எல்லாரும் தள்ளி நிற்கிறோம். எனக்கு வேலையே ஓடவில்லை மதினி.

மாரி


ராஜபாளையம்
29-3-2025

என் தங்க மதினி,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. இதை எழுதும்போதுகூட எழுந்து எழுந்து குதித்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

பத்து நாளாக அவள் வந்தாள், வடத்தை முகர்ந்தாள், போனாள். ஆண்டிச்சாமி அண்ணாச்சி நேற்று சாயங்காலம் ஆட்களுக்குச் சொல்லிவிட்டார், காலையில் பறிப்பு என்று. இன்றைக்கு அண்ணனின் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். தோப்பில் ஆட்கள் கூடையும் தொரட்டியுமாக நிற்கிறார்கள். அண்ணாச்சி வடத்தை அவிழ்க்கச் சிவபாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்போது அண்ணன், என்னை இறக்கிவிட்டுக் கிளம்பின பஸ்ஸை அப்படியே நிறுத்தினார். ரோட்டில் வரைந்த அணில் தலையின் மேல். இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கையை மட்டும் மேலே காட்டினார்.

அவள் வடத்தின் மேல் இருந்தாள்.

மதினி, பஸ் நிறைய ஆட்கள். தெரு நிறைய ஆட்கள். ஒருவர்கூட மூச்சு விடவில்லை. பாதி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். எங்கிருந்தோ மைனரின் மணிச்சத்தம்! திரும்பி ஓடிவிடுவாள் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளைத்தாய் அக்கா பாய்ந்து மைனரைக் கட்டிப்பிடித்து, மணியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். நான் கண்ணைத் திறந்தபோது காது கிழிந்தவள் வாலைச் சிலிர்த்துக்கொண்டு விறுவிறுவென்று கிழக்கே போய்க்கொண்டிருந்தாள். ஒரே தாவல். ஆண்டிச்சாமி அண்ணாச்சியின் மாமரத்து உச்சிக் கொப்பு ஆடி நின்றது.

யாரும் கை தட்டவில்லை மதினி! தட்டக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அய்யம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஆடினாள். கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டே நின்றார், ஊதவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் தோளில் குத்து குத்தென்று குத்தினேன்.

அவள் ஒரு மாங்காயைப் பறித்து, உட்கார்ந்து, நாலு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டாள். அது அண்ணாச்சியின் தோளில் பட்டு விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்துத் துண்டால் துடைத்தார். ஆட்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். சிவபாண்டி மெதுவாக, "அண்ணாச்சி, வடத்த அவுக்கட்டுமா?" என்று கேட்டான்.

"மொத மாங்காய அவளே பறிச்சுட்டா. பொறவு நான் எதுக்கு அவுக்க? சத்தம் போடாம அந்தக் கடைசி மரத்துல இருந்து பறிங்கலே," என்றார்.

கடித்த மாங்காயை என்னிடம் கொடுத்து, "இத ஒங்க மதினிகிட்ட குடுத்துரு," என்றார். இந்தக் கடிதத்தோடு வருகிறது. வழியில் கண்டக்டர் உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுவிடாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மாரி


பிளவக்கல்
1-4-2025

என் கண்ணு மாரி,

மாங்காய் வந்து சேர்ந்தது. கொஞ்சம் வாடிவிட்டது, பல் பட்ட தடம் அப்படியே இருக்கிறது. அதை முகாமில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அழகுராஜா வருகிற போகிற வாட்சர்களிடம் எல்லாம் தானே கடித்த மாதிரி காட்டிப் பெருமை பேசுகிறார்.

உன் கடிதத்தை, தீ பரவாமல் நாங்கள் செதுக்கி வைத்திருக்கிற தீக்கோட்டில் நின்றுகொண்டே படித்தேன். நான் அங்கே இல்லையே என்று முதலில் ஏங்கித்தான் போனேன். எத்தனை வருடமாக அந்த மரத்தடியில் நின்றவள் நான். கடைசியில் பார்த்தது நீயும் பஸ்ஸில் இருந்த ஆட்களும். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் யாரும் கை தட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை மாரி. இங்கே சுற்றிலும் வெறும் மலை, பயப்பட ஒரு குஞ்சு இல்லாத பாறைக்காடு. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினேன். அழகுராஜா தகரத் தட்டை எடுத்துத் தட்டினார். மற்றவர்கள் விசில் அடித்தார்கள். வெள்ளைத்தாய் அக்காவுக்கு, அய்யம்மாளுக்கு, அண்ணாச்சிக்கு, உன் அண்ணனுக்கு என்று பேர் சொல்லிச் சொல்லித் தட்டினோம். கடைசியாக உன் பேரைச் சொல்லி நான் மட்டும் தட்டினேன், கை சிவக்கிற வரைக்கும்.

அத்தித்தோப்பில் நீங்கள் அடக்கி வைத்ததை எல்லாம் இங்கே தட்டித் தீர்த்துவிட்டோம் என்று ஊரில் சொல்லிவிடு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வாசல் வரைக்கும் வால் வராது. இறங்கி வந்ததும் வெள்ளைத்தாய் அக்கா வீட்டு வாலில் ஓரமாக எனக்கு ஒரு சாண் கொடுக்கச் சொல். பெயிண்ட் நீ கலந்து கொடு, நான் கலந்தால் காக்கி நிறம்தான் வரும்.

உன் மதினி
பொன்மணி

நான் இறங்கி வருவதற்குள் பிளாக்கை எடுத்துவிடு. தபால்காரர் கடிதத்துக்கு ஒரு அபராத டீ என்று போட்டுக் குடித்தே வீட்டில் பாலைத் தீர்க்கிறார்.